நாலு கிலோ பருப்பும் சர்க்கரையும்

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இரண்டு கிலோ துவரம் பருப்பும் இரண்டு கிலோ சர்க்கரையும் போட்ட மஞ்சள் பையைப் பழைய ஏர்பேக்கின் வாரில் கட்டி, இடது தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு ஹாலில் நின்றேன். சும்மா நிற்கவில்லை. வலது கை இரண்டு விரலால் பருப்பை மீட்டிக்கொண்டிருந்தேன்.

தூணோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார், கீரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, "ஏண்டி, மாப்பிள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா" என்று பதில் வந்தது. 'உடம்புக்கு' என்ற சொல்லில் என் மனைவி கொடுத்த அழுத்தத்தை நான் கவனிக்காமல் இல்லை.

விஷயம் இதுதான். ஒரு எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார் சுமாராக நாலு கிலோ இருக்கும். சிலது மூன்றரை, சிலது நாலரை. எனக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம். இருபத்தாறு வருடம் கணக்குப் பிரிவில் குனிந்தே உட்கார்ந்ததற்குக் கம்பெனி கொடுத்த ஒரே நிரந்தரச் சொத்து அது. நாலு கிலோவை அரை மணி நேரம் கழுத்து தாங்குமா என்று வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டாமா? இருபதாவது நிமிடம் பையின் காது அறுந்தது. நோட்டுப் புத்தகத்தில் "4 கிலோ: கழுத்து தாங்கும், பை தாங்காது" என்று எழுதி வைத்தேன். அடுத்த ஒரு வாரம் எங்கள் ஹாலில் எறும்புகளுக்குத் தீபாவளி.

ஐம்பத்திரண்டு வயதில் உனக்கு எதற்குடா பேஸ் கிட்டார் என்று கேட்பவர்கள் எண்பதுகளில் எங்கள் ஊர் டீக்கடையில் நின்றிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் டீக்கடைக்காரர்கள் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தி வைப்பார்கள். பாட்டு பானைக்குள் போய் 'தும் தும்' என்று கனத்து வெளியே வரும். இளையராஜா பாட்டுகளில் பாடகருக்கு அடியில் இன்னொரு பாட்டு தனியாக நடந்துகொண்டிருக்கிறது என்பதை அந்தப் பானைதான் எனக்குக் காட்டிக்கொடுத்தது. 1982-இல் வந்த 'நினைவெல்லாம் நித்யா' பாட்டுகளைக் கேட்டபோது, மற்றவர்கள் பாட்டை முணுமுணுத்தார்கள், நான் பானையை முணுமுணுத்தேன். அப்போது வாங்கக் காசில்லை. காசு வந்தபோது பெண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் வந்தது. அவள் இப்போது வேலைக்குப் போகிறாள். ஆகவே சென்ற தை மாதம், முப்பதாயிரத்துக்கும் எழுபதாயிரத்துக்கும் இடையில் ஒரு பேஸ் வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

வாங்கியிருக்கலாம். ஆனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு ஸ்டேப்ளர் வாங்கவே மூன்று கொட்டேஷன் வேண்டும், அதற்கு ஒரு கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட் வேண்டும், அதில் என் கையெழுத்து வேண்டும். இந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் கட்டம் போட்டேன்.

முதல் மூன்று மாதம் ஒலியை ஒப்பிட்டேன். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, போர்வைக்குள் செல்போனை வைத்து வீடியோவாகப் பார்ப்பேன். ஸ்குவையர், ஐபனஸ், யமஹா, சயர், கோர்ட், ஸ்டெர்லிங் என்று ஒவ்வொன்றையும் யாரோ ஒரு தாடிக்காரர் வாசித்துக் காட்டுவார். நான் நோட்டில் "கனிவு", "சற்றே கறார்", "வெண்கலச் சாயல்" என்றெல்லாம் எழுதி மார்க் போடுவேன். அப்புறம்தான் பெண் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, பேஸ்ல அடிக் கம்பி நொடிக்கு நாற்பத்தோரு அதிர்வு. இந்த போன் ஸ்பீக்கர்ல அது வரவே வராதுப்பா. ஹெட்போனாவது போடுங்க" என்றாள். அதாவது, மூன்று மாதமாக நான் மார்க் போட்டது கிட்டாரின் அடிநாதத்துக்கு இல்லை. அதன் மேலே மிதக்கும் நுரைக்கு. காபியைக் குடிக்காமல் நுரையை மட்டும் நக்கிப் பார்த்து டிகாக்ஷனுக்கு மார்க் போட்ட மாதிரி.

அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டுச் சரித்திரத்துக்குள் போனேன். சரித்திரம் எனக்கு ஆறுதலாக இருந்தது. இந்த வாத்தியத்தை 1951-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் விற்பனைக்குக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர்க்காரர். அவருக்குக் கிட்டாரே வாசிக்கத் தெரியாது! என்னைப் போன்றவர். அதற்கு முன்னால் ஆளுயரத்துக்கு நின்ற டபுள் பேஸில் ஸ்வரத்தைக் காதை வைத்துத் தடவித்தான் பிடிக்க வேண்டும். ஃபெண்டர் ஃப்ரெட் கட்டைகள் பதித்து, விரல் வைத்த இடத்தில் சுருதி துல்லியமாக விழும்படி செய்து 'பிரிசிஷன்' என்றே பெயர் வைத்தார். 1960-இல் அதற்கு ஒரு தம்பியாக 'ஜாஸ் பேஸ்' வந்தது. இன்றைக்கு நடுத்தர விலையில் கிடைக்கிற பேஸ்களில் பெரும்பாலானவை இந்த அண்ணன் தம்பியின் வம்சம்தான். ஆகவே கேள்வி சுலபம்: அண்ணனா, தம்பியா?

கேள்விதான் சுலபம்.

தம்பிக்கு நெக் மெலிசு. தலைப்பக்கத்தில் அகலம் 38 மில்லிமீட்டர். அண்ணன் அதைவிட நாலைந்து மில்லிமீட்டர் பருமன். நாலு மில்லிமீட்டர்தானே என்பவர்கள் என் விரலைப் பார்த்ததில்லை. எனக்கு மட்டும் விரல் குட்டை, முருங்கைக்காய் வம்சத்தில் வெண்டைக்காய் பிறந்த மாதிரி. இதில் கம்பியின் நீளம் வேறு முப்பத்துநாலு அங்குலம். ஒட்டடைக் குச்சியை எடுத்து, கணக்குப் போட்டுச் சாக்பீஸால் ஃப்ரெட் கோடுகள் இழுத்தேன். முதல் கட்டை நாலே முக்கால் சென்டிமீட்டருக்குச் சற்று மேல். முதல் கோட்டிலிருந்து நாலாவது கோடு வரை பதின்மூன்று சென்டிமீட்டர். நாலு விரலையும் கட்டைக்கு ஒன்றாக விரித்து வைக்க வேண்டுமாம். வைத்தேன். சுண்டுவிரல் என்னோடு உறவை முறித்துக்கொண்டது. மறுநாள் ஆபீஸில் கால்குலேட்டரில் ஏழை அழுத்த முடியவில்லை. வீட்டில் ஒட்டடை அடிக்க ஆளுயரக் குச்சியை எடுத்த வேலைக்கார அம்மா, "என்னக்கா, குச்சிக்கு அளவு எடுத்து வச்சிருக்கீங்க?" என்று மனைவியிடம் கேட்டதற்கு, "சார் மியூசிக் கத்துக்கறாரு" என்று பதில் சொல்லப்பட்டது.

பால் மெக்கார்ட்னி வாசித்தது முப்பது அங்குலக் குட்டை ஹாஃப்னர். 1961-இல் ஹாம்பர்க்கில், முப்பது பவுண்டு அளவில் வாங்கினார். அவர் இடதுகைக்காரர். வயலின் மாதிரி இரண்டு பக்கமும் ஒரே வடிவம் என்பதால் தலைகீழாகப் பிடித்தாலும் அசிங்கமாக இருக்காது என்று எடுத்துக்கொண்டாராம். அவ்வளவுதான் ஆராய்ச்சி. பீட்டில்ஸ் குழுவில் ஒரு கணக்காளர் இருந்திருந்தால் அவர்கள் இன்னும் லிவர்பூலில் கொட்டேஷனுக்குக் காத்திருப்பார்கள்.

சரி, நெக் மெலிந்த தம்பியே போதும் என்று தீர்மானித்தேன். அங்கேதான் எங்கள் வீட்டு வயரிங் குறுக்கே வந்தது. அம்பத்தூரில் எங்கள் வீடு மாமனார் காலத்தில் கட்டியது. எர்த் எங்கே போகிறது என்பது அவருக்கு மட்டும் தெரியும், அவர் இப்போது இல்லை. ஜாஸ் பேஸில் இரண்டு தனிச்சுருள் பிக்கப்புகள். இரண்டும் சமமாகத் திறந்திருக்கும்வரை ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடும். ஒன்றைக் குறைத்தால் மற்றது 'ம்ம்ம்' என்று கரண்ட் இரைச்சலை எடுத்துவிடும், கூட்டுக் குடும்பத்தில் மருமகள் ஒருத்தி மட்டும் ஊருக்குப் போன மாதிரி. அண்ணனிடம் அந்தத் தொல்லை இல்லை. 1957-லேயே பிக்கப்பை இரண்டு துண்டாக்கி, எதிரெதிராகச் சுற்றி வைத்து இரைச்சலைத் தீர்த்துவிட்டார்கள். டியூப்லைட் சோக்கே சுருதி கூட்டுகிற எங்கள் வீட்டுக்கு இரைச்சலில்லாத கிட்டார்தான் முக்கியம் என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டேன். இந்த வரியை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக ஒரு ஜாதி உண்டு. கிட்டாருக்குள்ளேயே ஒன்பது வோல்ட் பேட்டரி. 1976-இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே பிரபலமாக்கிய வழக்கம். ஐபனஸ் எஸ்ஆர் மாதிரி மெலிந்த நவீன பேஸ்களில் பெரும்பாலும் இதுதான். ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம், வேண்டியபடி வளைக்கலாம். ஆனால் வாசித்து முடித்துக் கேபிளைப் பிடுங்காமல் போனால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். பாத்ரூம் லைட்டை அணைக்காததற்காக இருபது வருடமாக வீட்டில் பிரசங்கம் செய்துவரும் நான், ஒரு நாள் கேபிளை மறந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அந்தப் பக்கத்தையே அடித்துவிட்டேன்.

இத்தனைக்குப் பிறகுதான் ஆம்ப் என்று ஒன்று தேவை என்பது உறைத்தது. ஆம்ப் இல்லாத எலெக்ட்ரிக் பேஸ், கொசு வலைக்கு வெளியே கொசு பாடுகிற அளவுக்குக் கேட்கும். ஆம்ப், கேபிள், வார், ட்யூனர், உறை என்று யானைக்கு அங்குசம் தேடிய கதையாகிவிட்டது. அங்குசத்துக்கும் மூன்று கொட்டேஷன் எடுத்தேன்.

"பத்து மாசத்துல புள்ளையே பொறந்துடும்" என்றாள் மனைவி. அவள் சொல்லத் தகுதி உள்ளவள். எங்கள் வீட்டு கிரைண்டரைப் பதினைந்து நிமிடத்தில் வாங்கினாள். கல்லைத் தூக்கிப் பார்த்தாள், டிரம்மைக் கழற்றி மாட்டினாள், கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "கழுவறதுக்கு சுலபமா?" பதினோரு வருடமாக ஓடுகிறது.

ஐப்பசியில் கடைசிச் சுற்றுக்கு மூன்று பேர் தேறினார்கள்: ஸ்குவையர் கிளாசிக் வைப், ஐபனஸ் எஸ்ஆர், யமஹா பிபி. அடித்த பக்கத்திலிருந்து ஐபனஸ் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், மூன்று பெயர் இருந்தால்தான் ஸ்டேட்மென்ட் செல்லும். போனஸ் வந்த வாரம், "பிபி பாக்கப் போறேன்" என்று சட்டையை மாட்டினேன். மாமியார் பதறிப்போய், "காலையில மாத்திரை போட்டாரான்னு கேளுடி" என்றார். மனைவிக்கும் என்ன தோன்றியதோ, கூடவே கிளம்பிவிட்டாள்.

அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடை. உள்ளே பதினைந்து வயதுப் பையன் ஒருவன் பேஸைக் கட்டைவிரலால் அறைந்து அறைந்து, மிளகாய் வற்றல் வெடிப்பதுபோல வாசித்துக்கொண்டிருந்தான். நான் விற்பனைப் பையனிடம், நட் அகலம் என்ன, நெக்கில் போல்ட் நாலா ஆறா, பிக்கப் எந்தச் சுற்று என்று வரிசையாகக் கேட்டேன். அவன் நிமிர்ந்து நின்று, "சார் ரெக்கார்டிங்குக்கு வாசிக்கறீங்களா?" என்றான். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தொண்டையைச் செருமினேன். உடனே அவன் யமஹாவை எடுத்து ஆம்பில் சொருகி என் கையில் கொடுத்துவிட்டான். மிளகாய் வெடித்த பையனும் நிறுத்திவிட்டு மரியாதையாகப் பார்த்தான்.

பத்து மாதம் ஒப்பிட்டதில் ஒன்றை மறந்துவிட்டேன். வாசிக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

வேறு வழியில்லாமல் அடிக் கம்பியை, எதையும் அழுத்தாமல், ஒரு தட்டு தட்டினேன். தரை வழியாக ஏறி, பேன்ட் பாக்கெட்டில் இருந்த சாவிக்கொத்தைக் குலுக்கி, காலையில் சாப்பிட்ட பொங்கல் வரை வந்தது அது. டிரம்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கினாள்.

"ஏங்க, இது எங்க தெரு டீக்கடைப் பானை மாதிரியே இருக்கே."

இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவள் ஊரிலும் பானை இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் எழுந்து வந்து மூன்றையும் ஒவ்வொன்றாகக் கல்லைத் தூக்குவதுபோலத் தூக்கிப் பார்த்தாள். யமஹாவின் தலையில் இருந்த மூன்று இசைக்கவைச் சின்னத்தைத் தடவி, "இது உங்க ஆர்எக்ஸ் 100 டேங்க்ல இருந்ததுதானே? பொண்ணு பாக்க வந்தப்ப அதுலதானே வந்தீங்க?" என்றாள். அதே கம்பெனிக் குடும்பம்தான் என்றேன். "அந்த வண்டி ஒரு நாளும் நடுவழியில நின்னதில்ல. இதையே எடுங்க." விற்பனைப் பையனிடம் திரும்பி ஒரே கேள்வி: "துடைக்கறதுக்கு சுலபமா தம்பி?"

நோட்டைத் திறக்கவே இல்லை.

இப்போது இரண்டு மாதமாக வாசிக்கிறேன். பேஸில் ஒரு சங்கடம், அதைத் தனியாக வாசித்தால் அது என்ன பாட்டு என்று வாசிப்பவனுக்கு மட்டும்தான் தெரியும். 'நித்யா' பாட்டு ஒன்றின் பேஸை முழுசாக வாசித்துவிட்டு என்ன பாட்டு என்று கேட்டால், பெண் மூன்று வேறு படங்களைச் சொல்கிறாள். மாமியாருக்கோ அது பாட்டு என்பதிலேயே சந்தேகம். அடிக் கம்பியில் மூன்றாவது கட்டையை அழுத்தினால் வருவது நொடிக்கு நாற்பத்தொன்பது அதிர்வு. வீட்டுக் கரண்ட் ஐம்பது. இரைச்சலே இல்லாத கிட்டார் என்று சிவப்பு மையில் கோடு போட்டு வாங்கிய நான் அந்த ஸ்வரத்தைப் பிடிக்கும்போதெல்லாம், மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீர் மோட்டார் சுவிட்சை அணைப்பார். அது ஏற்கெனவே அணைந்துதான் இருக்கும். "மாப்பிள்ளைங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்காருவார். கொஞ்ச நாளில் எழுவதை விட்டுவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை ஆபீஸிலிருந்து வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார். எங்கள் மேல்தொட்டி நிரம்பி ஒரு மணி நேரமாக அவர் வீட்டுச் சுவரில் அருவி. உள்ளே மாமியார் நிம்மதியாக வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"மோட்டார் ஓடுறது கேக்கலையாம்மா?" என்றாள் மனைவி.

"கேட்டுதுடி. மாப்பிள்ளை வந்துட்டாருன்னு நெனச்சேன்."