ஊத்துக்குளி நெய்யும் லண்டன் ஒறம்பரையும்



லண்டனில் ஒருவரை விருந்துக்கு அழைத்தால், வருகிறோம் என்ற பதிலோடு ஒரு பட்டியலும் வந்து சேரும். இன்னது ஆகாது, இன்னது ஒத்துக்கொள்ளாது, இன்னதைத் தொடுவதில்லை. கொங்குநாட்டில் ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பட்டியில் ஒரு கோழி கொக்கரிப்பதை நிறுத்தியிருக்கும். என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்பதே அங்கே மரியாதைக் குறைவு. இங்கே கேட்காமல் விடுவதுதான் மரியாதைக் குறைவு.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்து குரோய்டனில் குடியிருக்கும் ஒரு இளம் தம்பதிக்கு வந்த பட்டியலில் முதலில் கண்ணில் பட்டது ஒரே ஒரு சொல்தான்: வீகன். வரப்போவது கணவரின் அலுவலக நண்பரும் அவர் மனைவியும். அந்த வீட்டில் சமையல் கணவர் பொறுப்பு. அவருடைய பள்ளிபாளையம் சிக்கனுக்கு அந்த வட்டாரத் தமிழர்களிடையே நல்ல பெயர் உண்டு. இப்போது அந்தப் பெயரால் ஒரு பயனும் இல்லை.

கோழியை விடுவது அவருக்குப் பெரிய காரியமல்ல. அமாவாசை, கிருத்திகை, புரட்டாசிச் சனி என்று கவுச்சி படாத நாட்களை எண்ணியே வளர்ந்தவர். ஆனால் கோழி போன இடத்தில் நம்மவர்கள் எதை வைப்பார்கள்? நெய், தயிர், பாயசம், பனீர். சைவம் என்ற பேச்சு எழுந்தாலே நம் கை தானாகப் பால் பாத்திரத்தின் பக்கம் போகும். வீகன்காரர்களுக்கு அந்தப் பாத்திரமே ஆகாது. முட்டை ஆகாது, நாமக்கல் மன்னிக்கவும். தேனும் ஆகாது, அது தேனீயின் உழைப்பு. பழனி பஞ்சாமிர்தத்தில் நெய்யும் தேனும் இருப்பதால், முருகன் பிரசாதத்தையே கையில் வாங்கி யோசிக்க வேண்டிய ஆட்கள் இவர்கள்.

ஆலோசனைக்கு ஊத்துக்குளியில் இருக்கும் கணவரின் அம்மிச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, போன் போனது.

"பால் ஆகாதுன்னா, சீக்கு ஏதாச்சும் இருக்குதா கண்ணு அவங்களுக்கு?"

"இல்லீங் அம்மிச்சி, நல்லாத்தான் இருக்கறாங்க. மாட்டைச் சிரமப்படுத்தப்படாதுன்னு ஒரு கொள்கை."

"செரி, மோரு ஊத்து."

"மோரும் ஆகாதுங்."

"வெண்ணெயெல்லாம் எடுத்தது போகத்தான் சாமி மோரு. அதுல மாடு எங்க இருக்குது?"

வெண்ணெய் என்றாலே தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வரும் ஊர் ஊத்துக்குளி. அந்த ஊர்க்காரரிடம் பால் வேண்டாம் என்பது சிவகாசியில் போய்ப் பட்டாசு வேண்டாம் என்பதற்குச் சமம். ஆனாலும் அம்மிச்சியின் கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியாது. இதே வழக்கைக் காந்தியே நடத்தியிருக்கிறார்.

1888-ல் சட்டம் படிக்க லண்டன் வந்த காந்தி, அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக இறைச்சியைத் தொடாமல் அரைப்பட்டினி கிடந்து, ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் வயிறாரச் சாப்பிட்டார். வெளிநாட்டில் சோறு தேடி அலைந்த நம் முன்னோடி அவர். பின்னாளில் கல்கத்தாவில் பசுவையும் எருமையையும் வதைத்துக் கடைசிச் சொட்டுவரை கறக்கும் முறையைப் பற்றிப் படித்து மனம் வெறுத்து, 1912-ல் தென்னாப்பிரிக்காவில் பாலையே விட்டார். 1918-ல் கடும் நோயில் விழுந்தார். பால் குடித்தால்தான் உடம்பு தேறும் என்றார் மருத்துவர். விரதம் இருக்கிறதே என்றார் காந்தி. விரதம் எடுத்தபோது மனதில் இருந்தது பசுவும் எருமையும்தானே, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று வழி சொன்னவர் கஸ்தூர்பா. சட்டம் படித்தவர் மனைவியின் வாதத்துக்குத் தலையாட்டினார். 1931-ல் வட்டமேசை மாநாட்டுக்காக மறுபடி லண்டன் வந்தபோது அவர் குடித்தது அந்த ஆட்டுப்பாலைத்தான். ஊத்துக்குளி அம்மிச்சி வெள்ளாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் ஒன்றுதான்: அதுவும் ஆகாதுங்.

காந்தி பின்வாங்கிய இடத்தில் உறுதியாக நின்றவர் டொனால்ட் வாட்சன் என்ற ஆங்கிலேயத் தச்சுவேலை ஆசிரியர். சிறுவயதில் மாமாவின் பண்ணையில் பன்றி அறுப்பதைப் பார்த்து இறைச்சியை விட்டவர். 1944 நவம்பரில், உலகப்போர் ஓயாமல், வெண்ணெயும் முட்டையும் ரேஷனில் அளந்து கிடைத்த காலத்தில், சில நண்பர்களோடு சேர்ந்து வீகன் சொசைட்டியைத் தொடங்கினார். கிடைக்காத வெண்ணெயை வேண்டாம் என்று சொல்வது எளிது என அன்றைக்குச் சிலர் கேலி பேசியிருக்கக்கூடும். வாட்சன் அந்த நோன்பை விடாமல் 95 வயது வரை வாழ்ந்து 2005-ல் இறந்தார். அவர் ஆரம்பித்தது இன்று கடைத்தெருவுக்கே வந்துவிட்டது. 2014 முதல் ஜனவரி மாதம் முழுக்க வீகனாக இருந்து பார்க்கும் இயக்கம் நடக்கிறது. 2019 ஜனவரியில் கிரெக்ஸ் என்ற ரொட்டிக்கடைக்காரர்கள் இறைச்சியில்லாத சாசேஜ் ரோல் விற்கத் தொடங்கியபோது, நாடே அதைப் பற்றி வாக்குவாதம் செய்தது. இந்தியாவிலும் 2022-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீகன் பொருட்களுக்கென்று தனி விதிமுறையும் பச்சை முத்திரையும் கொண்டுவந்துவிட்டது. அம்மிச்சியிடம் இதை இன்னும் யாரும் சொல்லவில்லை.

குரோய்டன் அடுப்படிக்கு வருவோம். சமையல்காரர் பயந்த அளவுக்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஊர்ச் சமையலை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், மாடு எங்கேயும் உள்ளே இல்லை, மேலேதான் நிற்கிறது. அரிசிம்பருப்பு சாதத்தில் அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், மிளகு எல்லாம் எண்ணெயில் தாளித்து வேகின்றன. நெய் வருவது தட்டில் போட்ட பிறகு. சந்தகைக்குத் தேங்காய்ப்பால், பொள்ளாச்சி இருக்கும்வரை அதற்குப் பஞ்சமில்லை. கொள்ளுப்பருப்பு, கீரைக் கடைசல், பச்சைப்பயறு, கடலை எண்ணெய், நல்லெண்ணெய். கோவை ரோட்டோரத் தள்ளுவண்டியில் முட்டைக்கோசையும் காளானையும் மாவில் பிசறிப் பொரித்து, மசாலாவில் புரட்டித் தருகிற 'காளான்' கூட எந்தக் கொள்கையும் இல்லாமலே வீகன்தான்.

இதற்குக் காரணம் அகிம்சை அல்ல, மழை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் கிடக்கும் மானாவாரிப் பூமி அது. கம்பும் சோளமும் ராகியும் கொள்ளும் நிலக்கடலையும் விளைந்தன, அதையே சாப்பிட்டார்கள். அந்த மண்ணின் பெருமையான காங்கேயம் மாடு உழவுக்கும் வண்டிக்குமான இனம். கறவை குறைவு, கன்றுக்கு விட்டது போக வீட்டுக்குக் கொஞ்சம் கிடைக்கும். எடுத்த வெண்ணெயும் பெரும்பாலும் சந்தைக்குப் போய்க் காசாகத் திரும்பி வந்தது. ஆகவே வீட்டில் நெய் ஊற்றுவது என்றால் அன்று யாரோ முக்கியமானவர் வந்திருக்கிறார் என்று அர்த்தம். நெய்யின் அளவுதான் மரியாதையின் அளவு. குரோய்டன் சமையல்காரர் திணறியது இங்கேதான். சமைக்கத் தெரியாமல் அல்ல, நெய் இல்லாமல் பரிமாறக் கை வரவில்லை.

பள்ளிபாளையம் சிக்கன் பள்ளிபாளையம் காளானாக மாறியது. வரமிளகாய், சின்ன வெங்காயம், பல்லுப்பல்லாக நறுக்கிய தேங்காய் எல்லாம் அப்படியே இருந்தன. கோழி மட்டும் விடுப்பில் போனது. பெருங்காயம் போடப்போகும்போது வீட்டம்மா கையைப் பிடித்தார். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும். வரப்போகிற பெண்மணிக்குக் கோதுமையும் ஒத்துக்கொள்ளாது என்று பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் இருந்ததாம்.

தயிர்சாதம் இல்லாமல் சாப்பாட்டை எப்படி முடிப்பது? இரண்டு நாளாக அவரை வாட்டிய கேள்வி இது. ஊறவைத்த நிலக்கடலையை அரைத்துப் பால் எடுத்து, காய்ச்சி ஆறவைத்து, அதில் பச்சைமிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடிவைத்தார். இந்திய வீகன்கள் உறை ஊற்றக் கையாளும் தந்திரம் அது. விடிந்து பார்த்தால் உறைந்திருந்தது. புளிப்பும் இருந்தது. கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டியதும் வாசனைக்கு ஒரு சமாதானம் கிடைத்தது.

காபிக்கு ஓட்ஸ் பால். ஸ்வீடன்காரர்கள் 1990களில் கண்டுபிடித்து உலகமெங்கும் விற்கும் சரக்கு.

"ஓட்ஸுக்கு மடி எங்க கண்ணு இருக்குது?" என்றார் அம்மிச்சி.

ஐரோப்பிய நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டது. 2017 ஜூனில் அது அளித்த தீர்ப்பின்படி, செடிகொடியிலிருந்து எடுத்த எதையும் பால், வெண்ணெய், சீஸ் என்று பெயர் போட்டு விற்கக் கூடாது. சில பழைய பெயர்களுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்குப் பட்டியலில் தேங்காய்ப்பால் இருக்கிறது. பொள்ளாச்சிக்காரர்கள் ஒரு வக்கீலும் வைக்காமல் கிடைத்த வெற்றி இது.

வீட்டம்மாவுக்கு வேறு கவலை. விருந்தன்று கட்ட எடுத்துவைத்தது சிறுமுகைப் பட்டு. கூட்டுக்குள் புழு இருக்கும்போதே கொதிநீரில் போட்டுத்தான் பட்டு நூல் எடுக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்ததும் பட்டு பெட்டிக்குள் போனது. அடுத்து கோவை கோரா காட்டன். பெயரில்தான் காட்டன், நெசவில் பட்டும் சேர்ந்தே ஓடுகிறது. அதுவும் உள்ளே போனது. கடைசியில் நெகமம் பருத்திச் சேலை வென்றது. வந்தவர்கள் சேலையைக் கவனிக்கவே இல்லை. உட்காரச் சொன்ன சோபா தோலால் ஆனதா என்றுதான் தடவிப் பார்த்தார்கள். ரெக்சின். வீட்டுக்காரர்கள் தப்பித்தார்கள்.

விருந்தினர் கையோடு ஒயின் பாட்டில் கொண்டுவந்தார்கள், அதிலும் வீகன் முத்திரை. திராட்சைச் சாற்றில் எதற்கு முத்திரை என்று விசாரித்தால், ஒயினையும் பீரையும் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையையோ முட்டை வெள்ளையையோ சேர்ப்பது பழைய வழக்கமாம். கின்னஸ் பீர்க்காரர்களே மீன்பசையை விட்டது 2010களில்தான். அமாவாசையன்று கவுச்சி வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, பீர் மட்டும் குடித்து விரதம் காத்த நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு இந்தச் செய்தி எட்டாமலிருப்பதே நல்லது.

சுவரில் மாட்டியிருந்த காங்கேயம் காளைப் படம் பேச்சைக் கிளப்பியது. மாட்டைச் சாமியாகக் கும்பிடுகிறீர்கள், பட்டிப்பொங்கல் வைக்கிறீர்கள், பிறகு ஏன் கன்றின் பாலை எடுக்கிறீர்கள் என்று நண்பரின் மனைவி கேட்டார். பால் நின்ற மாடு எங்கே போகிறது என்றும் கேட்டார். இரண்டாவது கேள்விக்கு வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. சந்தைக்குப் போகும் லாரிகளைக் கோபியில் பார்த்து வளர்ந்தவர்கள். முதல் கேள்விக்குச் சமையல்காரர் பதிலாக இன்னொரு கரண்டி அரிசிம்பருப்பு வைத்தார். கொங்குநாட்டில் வாதம் பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

அன்றைக்கு அதிகம் பாராட்டு வாங்கியது எது தெரியுமா? காளானல்ல, சந்தகையல்ல. கொள்ளு. ஒப்புக்கு ஒரு கிண்ணம் ஓரத்தில் வைத்திருந்த கொள்ளுப்பருப்பு. ஊரில் ஒறம்பரைக்குக் கொள்ளைப் போட்டால் கல்யாணம் காட்சிகளில் தலைமுறைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். குதிரைக்கும் உழவு மாட்டுக்கும் வேகவைப்பது அது. நண்பரோ கிண்ணத்தை வழித்துவிட்டு, இதன் செய்முறை வேண்டும், எங்கே கிடைக்கும், எத்தனை புரதம் என்று போனில் குறித்துக்கொண்டார். கம்பு உண்டா என்றும் கேட்டார். இந்தியா கேட்டுக்கொண்டு ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை அவர் அறிந்திருந்தார். கம்பங்கூழிலிருந்து தப்பித்து நெல்லுச்சோறு சாப்பிடத்தான் எங்கள் தாத்தா வாய்க்கால் பாசனத்துக்கு நிலம் வாங்கினார் என்று சொல்ல வந்த சமையல்காரர், சொல்லாமல் கச்சாயத்தை எடுத்துவைத்தார். பச்சரிசி, வெல்லம், எண்ணெய். வந்தவர்களின் இலக்கணம் எதையும் மீறாத பலகாரம்.

மறுநாள் ஊத்துக்குளிக்கு அறிக்கை போனது. கொள்ளுக்குக் கிடைத்த பாராட்டை அம்மிச்சி நம்பவில்லை. "பாவம், நல்லது பொல்லது தின்னு பழக்கமில்லை போல" என்று இரக்கப்பட்டு, ஐந்து கிலோ கொள்ளு அனுப்புவதாகச் சொன்னார். கூடவே ரெண்டு பாட்டில் நெய்.

நெய் வராது என்று பேரன் விளக்க வேண்டியிருந்தது. இந்தியாவிலிருந்து இறைச்சியோ பாலோ பாலில் செய்த பொருளோ, பையில் கொண்டுவந்தாலும் பார்சலில் அனுப்பினாலும், பிரிட்டன் உள்ளே விடுவதில்லை. கால்நடை நோய் தொற்றிவிடும் என்று பயம். சுங்கத்தில் பிடித்தால் அழித்துவிடுவார்கள்.

"வெண்ணெயும் விடமாட்டானா?"

"விடமாட்டானுங்."

"அப்ப அந்த ஊரு கவர்மெண்டே அந்தக் கட்சிதான்னு சொல்லு" என்று போனை வைத்தார் அம்மிச்சி.