பரிசீலனை சார்

தாம்பரத்தில் பீச் வண்டியில் ஏறும் எங்கள் காலை கோஷ்டியில் அவருக்கு 'பரிசீலனை சார்' என்று பெயர். எம்.காம்., எம்.ஃபில்., கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர். பிஎச்.டி. பண்ணலாமா வேண்டாமா என்று எட்டு வருஷமாகப் பரிசீலித்து வருகிறார். சானடோரியத்தில் 'பண்ணிடலாம்' என்பார். திரிசூலத்தில் விமானத்தைப் பார்த்ததும் வெளிநாட்டு வேலை வரை போய்விடுவார். பழவந்தாங்கலில், "ஆனா பாருங்க…" கிண்டி வந்ததும் பாதிப் பேச்சில் இறங்கிவிடுவார்.

வணிகவியல்காரர் அல்லவா, நோட்டின் கடைசிப் பக்கத்தில் பற்று வரவு எழுதி வைத்திருக்கிறார். வரவில்: இணைப் பேராசிரியர் ஆவதற்கான தகுதி, மைத்துனன் கல்யாணப் பத்திரிகையில் 'முனைவர்'. பற்றில்: ஃபீஸ், சனிக்கிழமைகள், கைடு வீட்டு விசேஷங்கள். பகுதி நேரம் என்பதால் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாயும் கிடையாது. நிர்வாகம் கூட்டித் தருவதாகச் சொன்ன சம்பளம் மட்டும் பென்சிலில் இருக்கிறது.

பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் வேலைக்கு 2021 ஜூலை முதல் பிஎச்.டி. கட்டாயம் என்று 2018-இல் யு.ஜி.சி. சொன்னபோது, முடிவை மேலிடமே எடுத்துவிட்ட நிம்மதியில் பெட்டி முழுக்கக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார். அதை 2023 ஜூலைக்குத் தள்ளினார்கள். அந்த ஜூலையும் வந்தது, நெட், செட் தேர்வு போதும் என்றுவிட்டார்கள். நடுவில், இவர் முட்டி மோதி முடித்த எம்.ஃபில். படிப்பையே 2022-இல் நிறுத்தினார்கள். அதிலிருந்து எந்தப் படிப்பையும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார். அதில் மட்டும் நான் அவர் கட்சி.

பையில் எப்போதும் ஒரு நீல ஃபைல். உள்ளே கல்லூரி கொடுத்த தடையில்லாச் சான்றிதழ். தேதி மேல் ஒயிட்னர் பூசிப் பூசி, அந்த இடம் மட்டும் சுண்ணாம்புச் சுவர் மாதிரி தடித்திருக்கிறது. கையெழுத்துப் போட்ட பிரின்சிபால் ரிட்டயராகிப் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் குரோம்பேட்டையில் ஒரு பெண் ஏறினாள். அவரிடம் பி.காம். படித்தவளாம். "சார், தீசிஸ் சப்மிட் பண்ணிட்டேன்!"

சார் ஃபைலைத் திறந்தார். "நான் இப்பச் சேர்ந்தா எத்தனை வருஷம்மா ஆகும்?"

"ஆறு வருஷத்துக்குள்ள முடிக்கணும் சார். இழுத்துச்சுன்னா மறுபதிவு பண்ணி இன்னும் ரெண்டு. மொத்தம் எட்டு, அதுக்கு மேல விடமாட்டாங்க."

எட்டு என்றதும் பெட்டியே அவரைப் பார்த்தது. அவர் பென்சிலை எடுத்தார்.

"சேர்றதுக்கு முன்னாடி யோசிக்கிறதுக்கு எதாவது லிமிட் போட்டிருக்காங்களாம்மா?"

அவள் யோசிப்பதற்குள் கிண்டி வந்துவிட்டது.