விலாங்கின் படுக்கையில் மாநாட்டுப் பேராளர்

கேள்வி: கியோத்தோ சர்வதேச மாநாட்டு மையத்தின் அருகே, சிறியதும் தனித்தன்மை உடையதுமான விடுதி கிடைக்குமா?

பதில்: 1997இல் கியோத்தோ நெறிமுறை ஏற்கப்பட்ட அம்மையம் நகரின் வடபுறத்தில் ஒதுங்கியிருக்க, பக்கத்தில் நிற்பதோ பெரிய ஹோட்டல் என்பதால், தனித்தன்மையை நாடுவோர் தேட வேண்டியது தூரத்தை அன்று, ரயில் தடத்தையே. கராசுமா சுரங்க ரயில் மையத்தின் அருகிலேயே முடிவதால், அத்தடத்தையொட்டி நகர நடுவில் விடுதிகளாக மாறியுள்ள ‘மச்சியா’க்கள், அதாவது வணிகரும் கைவினைஞரும் வாழ்ந்து தொழில் செய்த பழைய மரவீடுகள், பொருத்தமானவை. முகப்பு குறுகி உள்ளே நீண்டிருப்பதால் உள்ளூரார் அவற்றை ‘விலாங்கின் படுக்கை’ என்பர். மெல்லிய தடுப்புகள் ரகசியம் காக்க மாட்டா என்பதால், குறட்டை விடும் பேராளர் முழு வீட்டையே எடுப்பது மாநாட்டு ஒற்றுமைக்கு நல்லது. ஏப்ரலில் செர்ரிப் பூவும் நவம்பரில் மேப்பிள் இலையும் பேராளர்களை முந்திக்கொண்டு அறைகளை நிரப்பிவிடும். ஆகவே தேதி உறுதியானவுடனே முன்பதிவு செய்க.