ரேமைக் கழற்று, ரப்பரை எடு

மைசூரில் வீட்டுக் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது என்பதில் இரண்டு கட்சி உண்டு. பிள்ளையைக் கூப்பிடு என்பது ஒரு கட்சி. அந்தப் பிள்ளை ஹெப்பாளில் முந்நூறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் இன்ஃபோசிஸ் வளாகத்தில் மாதக்கணக்கில் தங்கிப் பயிற்சி பெற்றவன். இப்போது கலிபோர்னியாவில் இருக்கிறான். எங்கேயோ ஒரு வங்கியின் சர்வர்கள் அவன் சொன்னால் எழுந்து உட்காருமாம். அம்மாவின் கம்ப்யூட்டருக்கு அவன் வைத்திருக்கும் மருந்து ஒன்றுதான்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாம்மா?" பண்ணியாச்சு என்றால், "அப்போ புதுசு வாங்கிடு." அத்தோடு அந்தக் கட்சி டெபாசிட் இழந்துவிடும். பிறகுதான் கம்ப்யூட்டர் மாமாவுக்குச் சொல்லி அனுப்புவார்கள்.

இவர் ஒரு தனி மனிதர் அல்ல. சரஸ்வதிபுரத்தில் ஒருவர் இருக்கிறார், வி.வி. மொஹல்லாவில் ஒருவர் இருக்கிறார். ஜெயலட்சுமிபுரத்தில் இரண்டு பேர், ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலோ பெமலிலோ உணவு ஆராய்ச்சி நிலையத்திலோ இருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களில் முதல் மரியாதை ஐடியல் ஜாவாக்காரருக்குத்தான். யாதவகிரியில் 1961-இல் தொடங்கி 1996-இல் மூடப்பட்ட மோட்டார் சைக்கிள் ஆலை அது. ஜாவாவும் அதற்குப் பின்னால் யெஜ்டியும் அங்கிருந்துதான் இந்தியச் சாலைகளில் படபடத்துக்கொண்டு கிளம்பின. அந்த வண்டியில் கிக்கரும் கியரும் ஒரே லீவர். அப்படிப்பட்ட விசித்திரத்தை வருஷக்கணக்கில் கழற்றி மாட்டிய கைக்குக் கம்ப்யூட்டர் எந்த மூலைக்கு?

அதே யாதவகிரியில்தான் ஆர்.கே. நாராயண் வீடு கட்டிக்கொண்டு இருந்தார். அவர் காலமானது 2001 மே மாதம். விண்டோஸ் எக்ஸ்பி கடைக்கு வந்தது அதே வருஷம் அக்டோபரில். ஐந்து மாத இடைவெளியில் கம்ப்யூட்டர் மாமா இலக்கியத்திலிருந்து தப்பிவிட்டார். நஷ்டம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

மாமாவின் சாஸ்திரத்துக்கு ஒரே சூத்திரம். வண்டி நின்றால் முதலில் பிளக்கைக் கழற்று. கம்ப்யூட்டர் நின்றால் முதலில் ரேமைக் கழற்று. பிளக்குக்கு உப்புத்தாள், ரேமுக்கு அப்ஸரா ரப்பர். ரேம் பலகையின் அடியில் தங்க நிறத்தில் வரிசையாகப் பற்கள் இருக்கின்றனவே, அவற்றின் மேல் காற்றின் ஈரமும் அழுக்கும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போடும். தொடர்பு விட்டுவிட்டு வரும். எதையோ எங்கேயோ எழுதி வைத்த விண்டோஸ், திரும்பிப் போய்த் தேடும்போது அது அங்கே இருக்காது. உடனே திரையை நீலமாக்கிக்கொண்டு படுத்துவிடும். மாமா நான்கு தேய் தேய்த்து, ஊதி, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுவார். பாதி வீடுகளில் அத்தோடு சரியாகிவிடும். ரப்பரால் சரியானதா, சும்மா கழற்றி மாட்டியதாலேயே சரியானதா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. காபியைப் பாதியில் வைத்துவிடுவார்.

ஆனால், ரேமைக் கழற்றும் கட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். வந்தவுடன் கம்ப்யூட்டரைத் தொடுவது அவர் கௌரவத்துக்குக் குறைவு. துணிப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்துச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டைத்தான் முதலில் சோதிப்பார். "எர்த்திங் சரியில்லை, மாமி" என்பார். மைசூரில் எந்த வீட்டிலும் எர்த்திங் சரியாக இருந்து அவர் பார்த்ததில்லை. அங்கிருந்து பேச்சு கரண்டுக்குத் தாவும். கரண்டு என்றால் கதை 1902-இல் ஆரம்பிக்கும். அந்த வருஷம்தான் சிவசமுத்திரத்து அருவியிலிருந்து மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். திட்டத்துக்கு வழி செய்தவர் திவான் சேஷாத்ரி ஐயர். "நம்ம பாலக்காட்டு மனுஷன். முதல் நாள் அவர் போனார், மறுநாள் கரண்டு வந்தது" என்று மாமா சொல்வார். உண்மையில் ஐயர் காலமானது 1901-இல். இந்தச் சோகத்தில் மாமா சிறிது நேரம் மௌனமாக இருப்பார். மாமியின் சிபியுவும் மௌனமாக இருக்கும்.

அரண்மனை விளக்கு என்பது அவருடைய இன்னொரு சித்தாந்தம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்பை ஒரே நொடியில் போடுகிறார்களே, அந்த நொடியில் ஊரில் வோல்டேஜ் குனிந்து எழுந்திருக்கும், அதில்தான் ஹார்ட் டிஸ்க்குகள் போகின்றன என்பது கட்சி. "எங்க வீட்ல செவ்வாய்க்கிழமைன்னா நின்னுது" என்று மாமி சொல்லிப் பார்த்தாள். "தாமதமாத்தான் தெரியும்" என்று பதில் வந்தது.

அப்புறம் விசாரணை தொடங்கும்.

"நிக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணிண்டிருந்தேள்?"

"ஒண்ணும் பண்ணலையே."

"ஒண்ணுமேவா?"

"சாலிடேர் ஆடிண்டிருந்தேன்."

"அது ஒண்ணு. வேற?"

"பேரன் ஏதோ கேம் போட்டுக் குடுத்தான். அது வேண்டாம்னு நான் எடுத்துட்டேன்."

"எப்படி எடுத்தேள்?"

"குப்பைத் தொட்டில போட்டேன்."

'ஒண்ணும் பண்ணலை' என்று ஆரம்பித்துக் குப்பைத் தொட்டி வரைக்கும் வந்துசேர மாமாவுக்கு ஒரு டிகிரி காபி பிடிக்கும். அவர் போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவர்.

இதற்கிடையில் கம்ப்யூட்டரைப் போட்டால், அது சமர்த்தாக ஓடும். கோளாறு அவர் வந்ததைத் தெரிந்துகொண்டு ஒளிந்துகொள்ளும். மாமி அவமானத்தில், "காலம்பற ரெண்டு தரம் நின்னுது, மாமா, சத்தியமா" என்பாள். மாமா புன்னகையோடு செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டைத் திறப்பார், உள்ளேயிருந்து, "மாமா! நின்னுடுத்து!" என்று குரல் வரும். இதில் மாயம் ஒன்றும் இல்லை. பிராசஸரின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அலுமினிய விசிறிக்கட்டின் இடுக்குகளில் வருஷக்கணக்கான தூசி கம்பளி போல் படிந்திருக்கும். அதற்கும் பிராசஸருக்கும் நடுவே தடவிய வெள்ளைப் பசை காய்ந்து பொடியாகியிருக்கும். சூடு வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே வந்து எல்லையைத் தாண்டினால், பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். ஆற அரைமணி, சூடேற அரைமணி. மாமா ஆறின நேரத்தில் வருகிறார், சூடேறும் நேரத்தில் கிளம்புகிறார். அனுபவசாலி மாமாக்கள் இதை அறிந்தவர்கள். அவர்கள் 'ஸ்டார் ஆஃப் மைசூர்' மாலைப் பத்திரிகையைக் கையோடு கொண்டுவந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து, கம்ப்யூட்டர் நிற்கும்வரை நகர மாட்டார்கள். சோம்பேறித்தனம் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். என்னைக் கேட்டால், இந்த வைத்தியம் முழுவதிலும் முறையான விஞ்ஞானம் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

பேரன் வீட்டில் இருந்தால் சங்கடம். அவன் ஈவென்ட் வியூவர் என்று ஒன்றைத் திறந்து காட்டிவிடுவான். அதில் சிவப்பு அடையாளங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஆரோக்கியமான கம்ப்யூட்டரிலும் அவை இருக்கும். போனில் கூப்பிட்டு ஏமாற்றும் கும்பல்கள் கிழவர்களைப் பயமுறுத்துவதே அந்தச் சிவப்பைக் காட்டித்தான். "கெர்னல் பவர் 41" என்று பேரன் படிப்பான். அதன் அர்த்தம், கம்ப்யூட்டர் ஒழுங்காக மூடப்படாமல் நின்றுபோய் மறுபடி கிளம்பியது என்பது மட்டும்தான். அது மாமிக்கே தெரியும். அதற்காகத்தான் ஆளைக் கூப்பிட்டிருக்கிறாள். மாமா மட்டும் 41 என்ற எண்ணைப் பையில் இருக்கும் டைரியில் குறித்துக்கொள்வார்.

மைசூரில் கம்ப்யூட்டருக்கென்று ஒரு விசேஷ வியாதிக்காலம் உண்டு. தசரா சமயம். அரண்மனையில் பட்டத்து வாளுக்கு ஆயுத பூஜை நடக்கும் அதே நாளில் வீட்டு சிபியுவுக்கும் நடக்கிறது. காற்றுத் துளைகள் மேல் சந்தனம், அதன்மேல் குங்குமம், மேலே சாமந்திச் சரம். ஊதுபத்தி சிபியுவின் முகத்துக்கு நேரே. மின்விசிறி இதழ்களை உள்ளே இழுத்துக்கொள்ள, சந்தனம் துளைகளில் காய்ந்து சுண்ணாம்பாகிவிடும். விஜயதசமியன்று 750 கிலோ தங்க அம்பாரியைச் சுமந்துகொண்டு யானை பன்னிமண்டபம் போய்ச் சேரும் வேளையில், மாமி வீட்டில் ஒரு சாலிடேரைச் சுமக்க முடியாமல் கம்ப்யூட்டர் உட்கார்ந்துவிடும். மாமா பெயிண்ட் பிரஷ்ஷால் இதழ்களைப் பொறுக்கிக் காகிதத்தில் வைத்து மாமியிடம் தருவார். பிரசாதம் அல்லவா, குப்பையில் போடக் கூடாது.

தாய்ப்பலகையில் இருக்கும் காசு அளவு பாட்டரி, 3 வோல்ட், தீர்ந்துபோனால் இன்னொரு கூத்து. கம்ப்யூட்டரின் தேதி பத்துப் பதினைந்து வருஷம் பின்னால் போய்விடும். பாங்க் இணையதளம், 'உன் காலமும் என் காலமும் ஒத்துப்போகவில்லை' என்று கதவைச் சாத்தும். மாமி நெட் போச்சு என்பாள். இதை மாமா இரண்டே நிமிஷத்தில் சரிசெய்துவிடுவார். அதனாலேயே அவருக்கு இதில் சுவாரசியம் கிடையாது.

பவர் சப்ளை டப்பாதான் அவருக்கு உகந்த தெய்வம். 230 வோல்ட்டை வாங்கி 12, 5, 3.3 என்று பிரித்துக் கொடுக்கிறது. அதன் உள்ளேயும் தாய்ப்பலகையிலும் நிற்கும் கெபாசிட்டர்களில் ஏதாவது ஒன்றின் தலை உப்பியிருந்தால் மாமாவின் முகம் மலரும். இரண்டாயிரத்தின் முதல் வருஷங்களில் மட்டமான ரசாயனம் அடைத்த கெபாசிட்டர்கள் உலகமெங்கும் தாய்ப்பலகைகளில் புகுந்து, உப்பி, ஒழுகி, கம்ப்யூட்டர்களைக் கொன்றன. மாமாவுக்கு அது பொற்காலம். பழைய டப்பாவைக் கையில் தூக்கிக் காட்டிக்கொண்டே கேட்பார்: "இது எத்தனை வாட் தெரியுமோ? 450. மைசூர்ல 1935-ல கோபாலசாமி புரொபஸர் தன் வீட்ல ரேடியோ ஸ்டேஷன் ஆரம்பிச்சார், ஆகாசவாணின்னு. எத்தனை வாட்? முப்பது! முப்பது வாட்ல ஊருக்கே பாட்டுப் போட்டார். உங்காத்துல 450 இருந்தும் சீட்டாட முடியலை!" இதற்கு மாமி வெட்கப்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பார். மாமியும் பெரிய மனது பண்ணி வெட்கப்படுவாள்.

இத்தனைக்கும் மசியாவிட்டால், குரலைத் தாழ்த்தி, வீட்டுப் பெரியவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார்: "ஃபார்மேட்." வீட்டில் யாரும் அசைய மாட்டார்கள்.

"ஸி டிரைவ்ல என்ன இருக்கு, மாமி?"

"ஒண்ணும் இல்லை. எல்லாம் டெஸ்க்டாப்லதான் இருக்கு."

டெஸ்க்டாப் என்பதே ஸி டிரைவுக்குள்தான் இருக்கிறது என்பதை அறியாமல், பெண்ணின் சீமந்தப் படங்களும் பிள்ளைக்குப் பார்த்த ஜாதகங்களும் எத்தனையோ வீடுகளில் பரலோகம் போயிருக்கின்றன. ஜாதகம் போனதில் சில பிள்ளைகளுக்கு நன்மை நடந்ததாகவும் கேள்வி.

மாமாவின் வாழ்க்கையில் ஒரு நாள் மட்டும் உலகமே அவர் பக்கம் நின்றது. 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட், ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத் திரையில் நிறுத்தியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குச் சொன்ன பரிகாரம் என்ன தெரியுமா? சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை அழிக்க வேண்டும். பெரும்பாலும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் ஆள் நேரில் போய் உட்கார்ந்து. எக்ஸ்பி காலத்திலிருந்து மாமா தெருத்தெருவாகச் செய்துவந்தது இதைத்தானே! வீட்டுக் கம்ப்யூட்டர்கள் எதுவும் அந்தக் கோளாறில் அகப்படவில்லை. அது கம்பெனிகளுக்கு விற்கிற சரக்கு. அதைப் பொருட்படுத்தாமல் அன்று முழுவதும் அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் மேலும் கீழும் நடந்தார். "உங்காத்துல சௌக்கியமா?" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டார்.

அதற்கப்புறம் காலம் கொஞ்சம் கொஞ்சமாக அவரைக் கழற்றி வைக்கிறது. புது லேப்டாப்கள் பலவற்றில் ரேமைப் பலகையோடு சேர்த்துப் பற்ற வைத்துவிடுகிறார்கள். ரப்பருக்கு வேலை இல்லை. சிலவற்றில் திருகாணிகள் அவருடைய ஸ்க்ரூடிரைவருக்கு அடங்காத நட்சத்திர வடிவம். 2025-இல் நீலத் திரையையே எடுத்துவிட்டுக் கறுப்பாக்கிவிட்டது மைக்ரோசாஃப்ட். "சாவு வீடு மாதிரி பண்ணிட்டான்" என்று மாமா வருத்தப்பட்டார். அந்த வருஷம் அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கும் கைவிரித்துவிட, கலிபோர்னியாக் கட்சி கடைசியில் ஜெயித்தது. மாமி வீட்டில் புது லேப்டாப் வந்து இறங்கியது.

தகவல் தெரிந்து மாமா தானாகவே வந்தார். பிளக் பாயிண்டைச் சோதித்தார். லேப்டாப்பின்மேல் காதை வைத்துக் கேட்டார்.

"சத்தம் வரதோ?"

"இல்லையே, மாமா."

"வரணுமே."

"நிக்கவும் இல்லை."

"பார்ப்போம்" என்று சொல்லிப் பத்திரிகையைப் பிரித்து உட்கார்ந்தார். முதல் பக்கம், கடைசிப் பக்கம், வரன் விளம்பரம். லேப்டாப் நிற்கவில்லை. மாமிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வந்த மனிதரை வெறுமே அனுப்ப வேண்டாமே என்று யோசித்து, "பிரிண்டர்தான் மாமா கொஞ்ச நாளா பேப்பரைக் கடிச்சுக் கடிச்சுத் துப்பறது. பாக்கறேளா?" என்றாள்.

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"பிரிண்டரெல்லாம் நான் தொடறதில்லை, மாமி. அதுக்குக் குவெம்பு நகர்ல வேற ஒருத்தர் இருக்கார்."