35 மார்க்கும் காது மிஷினும்

காது மந்தம் என்பது, அதை உடையவரைத் தவிர வீட்டிலுள்ள மற்ற அனைவருக்கும் முதலில் தெரியவரும் குறைபாடு என்று வரையறுக்கலாம். கண் மங்கினால் எழுத்து தெரியவில்லை என்று தாமே ஒப்புக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போகிற பெரியவர், காது மங்கினால் மட்டும், இக்காலத்துப் பிள்ளைகள் வாயைத் திறந்து பேசுவதில்லை என்றும், டிவிக்காரர்கள் முன்போல் சத்தமாகச் செய்தி வாசிப்பதில்லை என்றும் உலகத்தின் மேல் குற்றம் காண்கிறார். அவருடைய காது நாளாக ஆக மோசமாகிறது என்பதை அவர் ஏற்பதற்குள், டிவியின் ஒலி அளவு எண் 20-இலிருந்து 60-க்கு ஏறி, அண்டை வீட்டார் தங்கள் டிவியை விற்றுவிட்டு இவர் வீட்டுத் தொடரையே சுவர் வழியாகக் கேட்டுக் கதை தெரிந்துகொள்ளும் நிலை வந்துவிடுகிறது.

புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர் வழியாக விராலிமலைக்குப் போகும் சாலையில் உள்ள அன்னவாசலில் இத்தகைய பெரியவர்கள் இருப்பதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. இவ்வூருக்கு அருகே உள்ள குடுமியான்மலையில்தான், காதைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயம் கொண்டிருந்த ஒருவர், கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, பாறை முழுவதும் சுரங்களை வெட்டி வைத்தார். கி.பி. 7 அல்லது 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று எழுத்தமைதியைக் கொண்டு கருதப்படும் இக்கல்வெட்டை மகேந்திரவர்ம பல்லவனுடையது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள்; பின்வந்தோர் சிலர் ஐயுற்றார்கள். உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன் மாணவர் நலனுக்காகச் செய்தது என்ற செய்தி கல்லிலேயே இருக்கிறது. அதில் ஒவ்வொரு சுரமும் ர, ரி, ரு, ரே என்பதுபோல் உயிர் மாறி மாறி வருவதை, மிக நுட்பமான சுருதி வேறுபாட்டின் குறியீடு என்று கொள்வோர் உண்டு. அவ்வளவு நுட்பத்தைக் கேட்டுப் பிரித்த காதுகள் உலவிய வட்டாரத்தில், இன்று சாப்பிட வரச்சொல்லி மூன்று முறை கூப்பிட்டும் ஆள் அசையவில்லை என்ற குறை வீட்டுக்கு வீடு எழுகிறது.

வீட்டார் நடத்தும் செவித்திறன் சோதனை அறிவியலுக்கு மிக முந்தியது. பின்னால் நின்று கூப்பிடுவது, தட்டைக் கீழே போடுவது, பென்ஷன் என்ற சொல்லை அடுத்த அறையில் மெதுவாக உச்சரித்துப் பார்ப்பது என்று அதில் பல முறைகள் உள்ளன. கடைசி முறையில் பெரியவர் தவறாமல் தேறிவிடுவதால், “எல்லாம் கேக்குது, வேணும்னே நடிக்கிறாரு” என்ற தீர்ப்பு எழுதப்பட்டு வழக்கு முடிக்கப்படுகிறது. இத்தீர்ப்பு தவறானது, ஏன் தவறு என்பதை உணர்ந்தால் செவிச் சோதனையின் பாதி விளங்கிவிடும்.

ஒலிக்கு இரண்டு அளவுகள் உண்டு. அது தாழ்ந்த சுருதியா உச்ச சுருதியா என்பதைச் சொல்வது ஹெர்ட்ஸ். மெல்லியதா வலியதா என்பதைச் சொல்வது டெசிபல். உட்காதில் நத்தை ஓட்டைப்போல் சுருண்டிருக்கும் காக்ளியா என்ற உறுப்பின் வாசலோரத்து நுண்மயிர்ச் செல்கள் உச்ச சுருதியையும், உள்ளே கடைசிச் சுற்றில் இருப்பவை தாழ்ந்த சுருதியையும் கவனித்துக்கொள்கின்றன. முதுமையில் முதலில் தேய்வன வாசலோரத்துச் செல்களே. மனிதரிடத்தில் அவை மீண்டும் முளைப்பதில்லை. தமிழ் பேசும்போது ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் வலுவாக ஒலிக்க, க, ச, த, ப போன்ற மெய்கள் மேல் சுருதியில் மெலிந்து நொடியில் மறைவதால், உயிர் காதுக்கு வந்து சேர்கிறது, மெய் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. கடை, சடை, தடை, படை ஆகிய நான்கும் தலையெழுத்தின் மெய்யை இழந்தால் எஞ்சுவது அடை. “கடை சாத்திட்டாங்க, அத்தே” என்று மருமகள் சொல்வதற்கு, “அடையா, எனக்கு ரெண்டு வை” என்று மாமியார் பதிலளித்தால், அதில் பசியோ குத்தலோ இல்லை. மெய்யெழுத்து ஒன்று குறைந்திருக்கிறது, அவ்வளவே. மகன் குரல் கேட்கிறது, மருமகள் குரல் மட்டும் கேட்பதில்லை என்ற நெடுநாள் குடும்பப் புகாருக்கும், பெண் குரலும் குழந்தைக் குரலும் சுருதி உயர்ந்தவை என்ற எளிய காரணம் உண்டு. பென்ஷன் என்பது எதிர்பார்த்துக் காத்திருக்கும் சொல் ஆதலால், பாதி கேட்டாலும் மீதியை மூளை நிரப்பிக்கொள்கிறது.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்ற பழமொழியையும் இந்த இடத்தில் திருத்த வேண்டியிருக்கிறது. சங்கொலி தாழ்ந்த சுருதியில் வலுவாக எழுவதால் முதுமைச் செவிடர் அதை நன்றாகவே கேட்பார். அன்னவாசலுக்குப் பக்கத்துச் சித்தன்னவாசல் குடைவரையில், கருவறைக்குள் நின்று தாழ்ந்த குரலில் ஓங்காரம்போல் முனகினால் அறையே அதிர்ந்து ஒலிப்பதை வழிகாட்டிகள் செய்து காட்டுவார்கள். அதைக் கேட்டு மகிழ்ந்து வெளியே வரும் தாத்தா, பேத்தி சொன்ன “பஸ் வந்திருச்சு” என்பதைக் கேட்காமல் நிற்பது முழுக்க அறிவியல்பூர்வமானது.

முறையான சோதனை, ஒலி புகாத சிற்றறையில், தலையில் மாட்டும் ஹெட்போனுடன் தொடங்குகிறது. ஒவ்வொரு சுருதியிலும் ஒலியைப் பத்துப் பத்து டெசிபலாகக் குறைத்து, கேளாத இடத்திலிருந்து ஐந்தைந்தாக ஏற்றி, மிக மெலிந்து எந்த அளவில் கேட்கிறதோ அதைக் குறித்துக்கொள்வார்கள். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதே ஒரே விதி. ஆனால் சோதனை என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவருக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்துவிடுவதால், எப்படியாவது தேறிவிட வேண்டும் என்று, சோதிப்பவரின் கையசைவைக் கடைக்கண்ணால் பார்த்தும், அடுத்த ஒலி வரும் நேரத்தை ஊகித்தும் பொத்தானை அழுத்துகிறார். கண் மருத்துவரிடம் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு போவதால் பார்வை திரும்பாது என்று அறிந்தவர்கூட இங்கே இதைச் செய்கிறார்.

முடிவாக வரும் தாளுக்கு ஆடியோகிராம் என்று பெயர். வலக்காதுக்குச் சிவப்பு வட்டம், இடக்காதுக்கு நீலப் பெருக்கல் குறி. இடமிருந்து வலமாகச் சுருதி ஏறும். மேலிருந்து கீழாக டெசிபல் கூடும். 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கிலும் கிடைத்த எண்களின் சராசரியைக் கொண்டு, 20-க்குக் கீழ் இயல்பு, 20 முதல் 35-க்குள் இலேசான குறை, 35 முதல் 50-க்குள் நடுத்தரக் குறை என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை வகுக்கிறது. 35 எடுத்தால் பாஸ் என்ற தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு மரபில் வளர்ந்தவருக்கு இத்தாள் பெரும் குழப்பத்தைத் தரும்; இங்கே சுழியமே முதல் மாணவன். 35-இல் நடுத்தரக் குறை தொடங்குகிறது, 90 வாங்கியவருக்குப் பக்கத்தில் வெடித்தால்தான் கேட்கும். எத்தனை சதவீதம் போயிருக்கிறது என்று கேட்பதும் பொருந்தாது, ஏனெனில் டெசிபல் என்பது சதவீதம் அன்று. பேச்சு ஒலிகளில் இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழந்தவரையே 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் செவித்திறன் குறைந்தவர் என்கிறது. சதவீதக் கணக்கு, சான்றிதழுக்கான தனி வாய்பாடு.

காதுக்குப் பின் எலும்பில் அதிர்வுக் கருவி வைத்துச் செய்யும் சோதனையும் உண்டு. காற்று வழியில் கேளாதது எலும்பு வழியில் நன்றாகக் கேட்டால் தடை வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது என்று பொருள். அத்தடை பல வேளைகளில், தீக்குச்சி, ஊக்கு, கோழி இறகு ஆகிய கருவிகளால் ஆண்டுக்கணக்கில் உள்ளே தள்ளி இறுக்கப்பட்ட குறும்பியாக இருக்கும். அதை எடுத்துவிட்டால் மிஷினே வேண்டாம். சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைக்கும் பேச்சுச் சோதனை, ஒலி கேட்கிறதா என்பதோடு நில்லாமல் விளங்குகிறதா என்றும் பார்க்கிறது. இதை வற்புறுத்திச் செய்துகொள்ள வேண்டும்.

இனி மிஷின். அமெரிக்காவில் 2017-இல் சட்டம் இயற்றி, 2022 அக்டோபர் 17 முதல், 18 வயது நிரம்பியவர் தமக்கு இலேசான அல்லது நடுத்தரக் குறை இருப்பதாகக் கருதினால் மருத்துவர் சீட்டின்றிக் கடையில் காது மிஷின் வாங்கலாம் என்று அனுமதித்தார்கள். அம்மிஷின் எழுப்பும் ஒலிக்கு 111 டெசிபல், ஒலியை அடக்கும் ஏற்பாடு உள்ளவற்றுக்கு 117 டெசிபல் என்ற உச்சவரம்பும் விதித்தார்கள். 2024-இல் ஆப்பிள் ஏர்பாட்ஸ் ப்ரோ 2-இன் மென்பொருளுக்கும் இவ்வகையில் அனுமதி கிடைத்தது. பாட்டுக் கேட்கப் பேரன் மாட்டினால் கண்டிப்புக்கும், தாத்தா மாட்டினால் மருத்துவத்துக்கும் உரியதாக அதே பொருள் ஆகிவிட்டது. நம்மூரில் செல்போன் திரையில் சில நூறு ரூபாய்க்கு வரும் காது மிஷின்கள் இந்த விதிகளைப் படித்தவை அல்ல. அவற்றுள் பல எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்குவன. ரசத்தில் உப்பு குறைந்ததற்காக இலையிலுள்ள பாயசம் உட்பட எல்லாவற்றின் மேலும் உப்பைத் தூவுவதற்கு ஒப்பானது இவ்வேலை. உதிர்ந்த மெய்யெழுத்து அப்படியே உதிர்ந்திருக்க, மின்விசிறியின் இரைச்சலும் கரண்டிச் சத்தமும் இருமடங்காகின்றன.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தேய்ந்த காதில் கேட்கத் தொடங்கும் எல்லை 10-இலிருந்து 50 டெசிபலுக்கு ஏறினாலும், தாங்க முடியாத எல்லை 100-ஐ ஒட்டி முன்னிருந்த இடத்திலேயே நிற்கிறது. 90 டெசிபல் அகலமாயிருந்த முற்றம் 50 ஆகக் குறுகிவிடுகிறது. மெதுவாகச் சொன்னால் “என்ன?” என்பவர், சற்றே உரக்கச் சொன்னதும் “நான் என்ன செவிடனா, ஏன் கத்துறே?” என்று சீறுவது இதனால்தான். நல்ல மிஷின் மெல்லொலியை அதிகமாகவும் வல்லொலியைக் குறைவாகவும் பெருக்கி இந்தக் குறுகிய இடத்துக்குள் அடக்கும். அதற்கு ஆடியோகிராமின் எண்களை அதில் பதிய வேண்டும்.

வாங்கிய பின்னும் கல்வி தொடர்கிறது. காதில் சரியாகப் பொருந்தாத மிஷின், தான் எழுப்பிய ஒலியைத் தானே கேட்டுக் கூவென்று விசிலடிக்கும். வீட்டார் குக்கரை அணைக்க ஓடுவார்கள், அணிந்தவருக்கு மட்டும் அது கேட்காது. சிறு வட்ட பேட்டரி காற்றால் இயங்குவது. மேலுள்ள வண்ண ஸ்டிக்கரைப் பிரித்ததும், மாட்டினாலும் மாட்டாவிட்டாலும், அதன் ஆயுள் கரையத் தொடங்கும். எல்லாம் நல்ல சரக்குதானா என்று அட்டையிலுள்ள அத்தனையையும் பிரித்துப் பார்க்கும் சிக்கனக்காரர், ஒரு மாதத்துக்கு வாங்கியதைச் சேர்த்துச் செலவழித்துவிடுகிறார்.

ஆகவே, திடீரென்று ஓரிரு நாளில் கேட்காமற்போனவரும், ஒரு காது மட்டும் மந்தமானவரும், சீழோ தலைச்சுற்றலோ உள்ளவரும் எந்த மிஷினையும் தேடாமல் உடனே மருத்துவரிடம் செல்க. மற்றவர், புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டியபின், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற ஆடியாலஜிஸ்டிடம் சோதித்துக்கொள்ளலாம். தகுதியுள்ளோர்க்கு விலையில்லா மிஷின் தரும் திட்டங்களைப் பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். மிஷின் வரும்வரை, திறந்த வெளியில் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் உள்ள தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும் என்பதைக் குடும்பத்தார் நினைவில் வைத்து, அடுப்படியிலிருந்து கூவாமல் எழுந்து வந்து முகம் பார்த்துப் பேசுக. சோதனை முடிந்ததும் ஆடியோகிராமின் நகலை மறக்காமல் கேட்டு வாங்கிக் குடும்ப அட்டையோடு சேர்த்து வையுங்கள்; அடுத்த சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் தேவைப்படும்.