ஓசியில் ஒரு காக்பிட்

சேலையூர் பக்கம் சாயங்காலம் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் இவரைப் பார்த்திருப்பார்கள். லுங்கியும் பனியனுமாக அண்ணாந்து நிற்பார். தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானம் தலைக்கு மேல் வட்டமடிக்கும். நமக்கு அது சத்தம். அவருக்குச் செலவுக் கணக்கு. "பாருங்க சார், பூரா கவர்ன்மென்ட் பெட்ரோல்! வெளியில ஒரு மணி நேரம் இப்படிப் பறக்கணும்னா சொத்தை எழுதி வைக்கணும்."

இவர்தான் விமான அப்பா. மகன் பைலட் ஆக வேண்டும் என்று சொன்ன அன்றே, வேறு அப்பாவாக இருந்தால் திட்டியிருப்பார். இவர் பேப்பரும் பேனாவும் எடுத்தார். தனியார் பயிற்சிப் பள்ளிக்குப் போன் போட்டார். கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதற்குள் செலவு அரைக் கோடியைத் தாண்டிவிடும் என்றார்கள். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை, காபி ஆறுவதற்குள் ஞானம் பிறந்தது: 'ஏர்ஃபோர்ஸ்!' பயிற்சி இலவசம், சாப்பாடு இலவசம், போதாக்குறைக்குச் சம்பளம். 22 வயதில் உள்ளே போனால் 36-இல் வெளியே. ஏர்லைனில் 65 வயது வரை ஓட்டலாம். ஆக, 29 வருஷம் லாபம். பேப்பரின் அடியில் இரட்டைக் கோடு போட்டு முடித்தார்.

"அந்தப் பதினாலு வருஷம்?" என்றார் மனைவி.

"ஷார்ட் சர்வீஸ் கமிஷன்னா பதினாலு வருஷம்தான் இவளே. ராமரே போயிட்டு வரலையா?"

ராமருக்குத் திரும்பி வந்ததும் பட்டாபிஷேகம் நடந்தது. ஏர்லைனில் அந்த வழக்கம் இல்லை. அங்கே சீனியாரிட்டி, சேர்ந்த தேதியிலிருந்துதான் தொடங்கும். ஸ்குவாட்ரன் லீடராகவோ விங் கமாண்டராகவோ இருந்தவர் வலது பக்க இருக்கையில் கோ-பைலட்டாக உட்கார, இடது பக்கம் அவரைவிட ஏழெட்டு வயது சின்ன கேப்டன் இருக்கலாம். பென்ஷனும் கிடையாது, அதற்கு 20 வருஷம் முடிக்க வேண்டும். பென்ஷன் இல்லை என்று தெரிந்தபோது மட்டும் விமான அப்பா கொஞ்சம் ஆடிப்போனார். சிவில் லைசென்ஸுக்குத் தனியாகப் பரீட்சை எழுத வேண்டும், ஏர்பஸ் ஓட்ட அதற்கென்று தனிப் பயிற்சி வேண்டும் என்பதையெல்லாம் 'இதர செலவுகள்' என்ற தலைப்பில் போட்டு மூடிவிட்டார்.

அனுபவஸ்தரிடம் கேட்டுவிடலாம் என்று, அடுத்த தெருவில் இருந்த ஓய்வுபெற்ற வாரண்ட் ஆபீசரைப் பிடித்தார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், நான் அத்தனை வருஷமும் ப்ளேனுக்குக் கீழேதான் இருந்தேன். மேல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. ஒண்ணு மட்டும் சொல்றேன். ஃபைட்டரா, டிரான்ஸ்போர்ட்டா, ஹெலிகாப்டரான்னு முடிவு பண்றது நீங்க இல்ல, அவங்க."

"நம்ம பையன் டிரான்ஸ்போர்ட்தான் சார். பெரிய ப்ளேன், நிறைய மணி நேரம் சேரும்."

"ஹெலிகாப்டர்ல போட்டுட்டா?"

விமான அப்பா முகத்தில் முதல் தடவையாக நாட்டைப் பற்றிய கவலை தெரிந்தது.

அடுத்தது நேர்முகப் பயிற்சி. மைசூரு தேர்வு வாரியத்தில் ஐந்து நாள் சோதனை. அதில் ஒரு கட்டத்தில் 60 சொற்களைக் காட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் 15 விநாடிக்குள் மனத்தில் தோன்றியதை வாக்கியமாக எழுத வேண்டும். அப்பா கையில் செல்போன் கடிகாரத்தோடு கூடத்தில் உட்கார்ந்தார்.

"ஏர்லைன்னு மட்டும் வாயைத் திறந்துடாதே. எல்லாத்துக்கும் நாடுதான். சொல்லு... வானம்!"

"வானத்தில் செலவில்லாமல் பறக்கலாம்."

வளர்ப்பு அப்படி. பைலட்டுக்கான கணினித் தேர்வோ வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். தவறினால் மறுபடி எழுத முடியாது. உயரம் 162.5 சென்டிமீட்டராவது வேண்டும். காலின் நீளத்துக்கும், உட்கார்ந்தால் எவ்வளவு உயரம் என்பதற்கும்கூட அளவு இருக்கிறது. விமான அப்பா டெய்லரை வரவழைத்து மகனை மூன்று விதமாக அளக்கச் சொன்னார். தீபாவளிக்கு இவ்வளவு முன்னாலேயே எதற்கு என்று டெய்லருக்குக் கடைசிவரை புரியவில்லை.

இத்தனை பத்திகள் உள்ள அந்தப் பேப்பரில் ஒரு பத்தி மட்டும் இல்லை. அதைக் கண்டுபிடித்தவர் மனைவிதான்.

"ஏங்க, சண்டை வந்தா?"

"டிரான்ஸ்போர்ட்டுக்கு என்ன சண்டை?"

"2016-ல இதே தாம்பரத்துல இருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பின ஏ.என்.-32, இருபத்தொன்பது பேரோட கடல்ல காணாமப் போச்சே. அது டிரான்ஸ்போர்ட் இல்லையா?"

பேனாவை மூடிவிட்டு அவர் மாடிக்குப் போய்விட்டார்.

விமான அப்பாவின் கணக்கு முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது. விமானப்படையிலிருந்து ஏர்லைனுக்கு வந்து கௌரவமாக ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். பதற்றமில்லாத கை என்று அவர்களுக்கு மதிப்பும் உண்டு. ஆனால் அவர்கள் சீருடைக்காகப் போனவர்கள். ஏர்லைன் பிறகு வந்தது. வரிசையை மாற்றிப்போட்டால் பதினாலு வருஷமும் பஸ் ஸ்டாண்டில் நிற்பது போலத்தான் இருக்கும்.

ஆகவே, பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டல் கழித்தலுக்கு முன்னால் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'ஏர்லைன் வேலை எந்தக் காலத்திலும் கிடைக்காது என்று எழுதிக் கொடுத்தாலும் ஏர்ஃபோர்ஸில் சேருவாயா?' 'சேருவேன்' என்றால் அன்றைக்கே விண்ணப்பம் போடுங்கள். யோசித்தான் என்றால், மரியாதையாக பாங்குக்குப் போய்க் கல்விக் கடனுக்கு எழுதிப் போடுங்கள்.