சவரக்கத்தியின் பராமரிப்பில் முகத்தின் பங்கு: ஓர் ஆய்வு

மடக்குச் சவரக்கத்தி என்பது, மாற்றும் பிளேடோ காப்புச் சட்டமோ இல்லாத ஒற்றை உருக்கு அலகை இரு கைப்பிடித் தகடுகளுக்கு இடையே மடக்கி வைக்குமாறு செய்யப்பட்ட, முகமயிரைக் களைவதற்கு உரியது என்று பொதுவாக நம்பப்படும் கருவியாகும். இந்நம்பிக்கை மறு ஆய்வுக்குரியது. பழைய கத்தி ஒன்றை வாங்கித் தாமே மழித்துக்கொள்ளக் கற்பவரின் காலைப்பொழுதை உற்று நோக்கினால், கத்தி முகத்தின்மேல் இயங்கும் நேரத்தைவிட, கல்லின்மேலும் தோல்வாரின்மேலும் துணியின்மேலும் இயங்கும் நேரமே மிகுதி என்பது புலப்படும். ஆகவே மழிப்பதற்காகக் கத்தி பேணப்படுகிறது என்னும் வழக்கமான கொள்கையை விடுத்து, கத்தி செவ்வனே பேணப்பட்டதா என்று அறியும்பொருட்டே மழிப்பு நிகழ்கிறது, முகம் அதற்கான சோதனைத்தளம் மட்டுமே என்னும் கொள்கையை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

உறுப்புகளை வரையறுத்துக்கொண்டு தொடங்குதல் முறை. வெட்டும் விளிம்பு வாய் எனவும், அதற்கு எதிர்ப்புறத்துத் தடித்த பகுதி முதுகு எனவும், கைப்பிடியில் பொருந்தும் காம்போடு அலகு சேருமிடம் தோள் எனவும், தோளை ஒட்டிய வாயின் கடைப்பகுதி குதி எனவும், விரலால் அழுத்தித் திறக்க உதவும் வளைந்த முனை வால் எனவும் கொள்ளப்படும். வாயும் முதுகும் தோளும் குதியும் வாலும் வாய்த்த இதற்குக் கன்னம் மட்டும் இல்லை; அதனைக் கத்தி வாங்குபவர் தந்துதவுகிறார். குறுக்குவெட்டில் பழைய கத்திகள் ஆப்பு வடிவின. பிற்காலத்தவை இருபுறமும் குழிவாகச் சாணை பிடிக்கப்பட்டு, வாயருகே தாள்போல் மெலிந்து, மயிரைத் தொட்டவுடன் மெல்ல ஒலிப்பவை. இவ்வொலியைக் கேட்டவர் பிறகு மின்சவரக் கருவிக்குத் திரும்புவது அரிது.

வரலாற்றில் இருவேறு ஊர்களே பெரிதும் பேசப்படும். 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்பவர் மண்மூசையில் உருக்கை முற்றிலும் உருக்கி வார்க்கும் முறையைக் கண்டறிந்தபின், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு சவரக்கத்திக்குப் பெயர் பெற்றது. மற்றது ஜெர்மனியின் சோலிங்கன். பாரிஸ் நகரத்துக் கத்திக்கொல்லர் ழான்-ழாக் பெரே, ஒருவர் தம்மைத் தாமே மழித்துக்கொள்ளும் கலையைக் கற்பிக்க 1769இல் முழுநூல் ஒன்றை வெளியிட்டார். தம் கன்னத்தைத் தாமே தொடுவதற்கு ஒருவருக்கு நூல் தேவைப்பட்டது என்பதிலிருந்தே அக்கலையின் இயல்பு பெறப்படும்.

தென்னாட்டுக்கும் இதில் பங்குண்டு. மூசையில் உருக்கு ஆக்கும் தொழில் தமிழ்நாட்டிலும் அண்டை நாடுகளிலும் ஹன்ட்ஸ்மனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நடந்தது. ஐரோப்பியர் அவ்வுருக்கை ஊட்ஸ் என்றழைத்தனர். லண்டனில் கடை வைத்திருந்த ஜேம்ஸ் ஸ்டோடர்ட், தம் சவரக்கத்திகள் இந்த இந்திய உருக்கால் ஆனவை என்றும், ஐரோப்பாவின் முதல்தர உருக்கினும் இதுவே தமக்கு உகந்தது என்றும் வணிக அட்டையில் விளம்பரம் செய்தார். அவரோடு சேர்ந்து ஊட்ஸை ஆராயப் புகுந்த மைக்கேல் ஃபாரடே, ஐந்நூறு பங்கு உருக்குக்கு ஒரு பங்கு வெள்ளி சேர்த்த கலவை முதலியவற்றைச் செய்து பார்த்து, அவ்வாய்வில் விளைந்த சவரக்கத்திகளை நண்பர்களுக்கு அன்பளிப்பாக வழங்கினார். மின்காந்தத் தூண்டலை 1831இல் கண்டறிந்தவரும் அவரே எனினும், அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்ட சிறு செய்தி. 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை அமைத்த ஜோசையா மார்ஷல் ஹீத், பின்னர் இங்கிலாந்து சென்று, உருக்கில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். அதனால் ஷெஃபீல்டு செழித்தது. ஹீத் காப்புரிமை வழக்குகளில் அலைந்து, இறுதித் தீர்ப்புக்கு முன்பே இறந்தார்.

பழங்கத்தியின் காலத்தைக் கணிப்பதற்குக் காம்பில் பொறித்த எழுத்துகளே சான்று. மணிமுடிச் சின்னத்தோடு ‘டபிள்யூ. ஆர்.’ என்றிருந்தால் நான்காம் வில்லியம் ஆண்ட 1830–1837 காலத்தது எனவும், ‘வி. ஆர்.’ என்றிருந்தால் விக்டோரியா காலத்தது எனவும் கொள்வர். இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் செய்தமையால், ஊர்ப்பெயரோடு ‘இங்கிலாந்து’ என்பதும் சேர்ந்த கத்திகள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. ஆயின் ஊர்ப்பெயரையும் முழுதாக நம்புதல் கூடாது. சோலிங்கன் பட்டறைகள் சில தம் கத்திகளில் ‘ஷெஃபீல்டு’ என்று பொறித்து விற்றதால் வந்த கொதிப்பும் சேர்ந்தே, பொய்யான ஊர்ப்பெயரைத் தடுக்கும் 1887ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டத்தைக் கொணர்ந்தது. அதன் விளைவான ‘ஜெர்மனியில் செய்தது’ என்னும் முத்திரை, இழிவுக்கென்று ஏற்பட்டுப் பெருமைக்கு உரியதாயிற்று. பிறர் ஊர்ப்பெயரை இரவல் வாங்கிய அதே சோலிங்கன், தன் பெயரைப் பிறர் வாங்காதிருக்க 1938இல் தனிச்சட்டமே பெற்றுக்கொண்டது.

இனிப் பயிற்சி. வெந்நீரால் மயிரை ஊறவைத்து, பிரஷ்ஷால் நுரை எழுப்பி, தோலை மறுகையால் இழுத்துப் பிடித்து, மயிர் வளரும் திசையிலேயே கத்தியை ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் நகர்த்த வேண்டும். சாய்வு குறைந்தால் மயிர் வெட்டுப்படாமல் இழுபடும், கூடினால் தோல் வெட்டுப்படும். வாயின் நீளவாக்கில் கத்தியை இழுத்தல் அறவே கூடாது, ஏனெனில் அது மழிப்பு அன்று, அறுவை. தொடக்கத்தில் கன்னங்களோடு நிறுத்திக்கொண்டு, மோவாயையும் மேலுதட்டையும் வழக்கமான பிளேடுக்கு விட்டுவிடுதல் நலம் என்பது மரபு. இடக்கன்னத்துக்கு இடக்கையைப் பழக்க வேண்டும் என்பார் ஒரு சாரார். வலக்கையையே மூக்கின் குறுக்கே வளைத்து மழிக்கலாம் என்பார் மறுசாரார். பின்னவர்க்குக் கண்ணாடியில் தம் முழங்கையைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. மழிப்பவரிடம் வீட்டார் கேள்வி கேட்கலாகாது. கேட்டாலும் மழிப்பவர் தலையசைத்து விடை கூறலாகாது. கைதவறிக் கீழே விழும் கத்தியைப் பிடிக்க முயலலாகாது என்பது இத்துறையில் கருத்து வேறுபாடே இல்லாத ஒரே விதி. வெட்டுக்காயத்துக்குப் படிகாரம் தடவப்படும். குழாயின்மேல் இடித்துக் கத்தியின் வாய் பெயர்ந்தால் தடவுவதற்கு ஒன்றும் இல்லை என்பதும், அதற்கான ஓலமே பெரிதாக எழும் என்பதும், இக்கட்டுரையின் கொள்கைக்கு வலுவான சான்றுகளாகும்.

ஒவ்வொரு மழிப்புக்கும் முன் கத்தியை முதலில் துணிப்பட்டையிலும் பிறகு தோல்வாரிலும் தீட்ட வேண்டும். இங்கு முதுகு முன்செல்ல வாய் பின்தொடரும். திருப்பும்போது முதுகின்மேல் உருட்டித் திருப்ப வேண்டும். தீட்டுக்கல்லிலோ இது தலைகீழ்: வாய் முன்செல்லும், முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியும். இவ்விரண்டையும் மாற்றிக் குழப்பிக்கொள்பவர் தோல்வாரை வெட்டிவிடுவார் ஆதலின், முதல் தோல்வார் மலிவானதாக இருக்கட்டும் என்று அனுபவசாலிகள் கூறுவர்.

மழித்த கத்திக்கு ஓய்வு தேவை என்றொரு பழங்கொள்கை உண்டு. கிழமைக்கு ஒன்றாக ஏழு கத்திகள் அடங்கிய பெட்டிகள் விற்கப்பட்டதும், ஒவ்வொன்றின் முதுகிலும் கிழமைப்பெயர் பொறிக்கப்பட்டதும் இதன்பாற்பட்டவை. செவ்வாயன்று மழிக்காதவர் புதனன்று எக்கத்தியை எடுப்பது என்னும் சிக்கலுக்குப் பெட்டியில் விடை இல்லை. மயிர் கத்தியை மழுக்கும் என்பது மட்டும் மெய். மயிர் உருக்கைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானதாயினும், சாய்ந்த நிலையில் வளைந்து வாயின்மேல் மோதும்போது, உருக்கின் நுண்ணமைப்பு ஒருசீராக இல்லாத இடங்களில் சிறு சில்லுகளைப் பெயர்க்கும் என்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் பிளேடுகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டனர். ஆக, கத்திக்கு உண்மைப் பகை தாடியே. தாடி இல்லாதிருப்பின் கத்தி என்றும் கூர்மை குன்றாது.

தோல்வார் பயன்படாத நிலை வரும்போது கற்களின் ஆட்சி தொடங்குகிறது. ஆயிரம், நாலாயிரம், எட்டாயிரம், பன்னீராயிரம் என எண் கூடக் கூடக் கல்லின் துகள் நுண்மையாகும். செயற்கைக் கல்லை ஏற்காத வைதிகர், நுண்ணிய கார்னெட் மணிகள் செறிந்த பெல்ஜியத்து ஆர்டென் மலைக் கல்லையே நாடுவர். கல்லும் தேயும். தேய்ந்து குழிந்த கல்லில் தீட்டினால் வாய் கோணும் ஆதலால், கல்லைச் சமன்செய்ய வேறொரு கல் வேண்டும். அதுவும் தேயும் ஆதலால் அதற்கும் ஒன்று வேண்டும். தருக்க நூலார் அனவத்தை, அதாவது முடிவின்றிப் பின்னோக்கிச் செல்லும் குற்றம், என்று விலக்கியதை இத்துறையினர் காசு கொடுத்து வாங்குகின்றனர். கூர்மையைச் சோதிக்க, தலைமயிர் ஒன்றைத் தொங்கவிட்டு வாயின்மேல் படச்செய்து, அது தானே அறுகிறதா என்று பார்ப்பர். இக்கலையில் ஈடுபாடு பிறக்கும் வயதில் சொந்த மயிர் போதாமல், வீட்டிலுள்ளோரின் சீப்பை நாட நேர்கிறது.

துருவைப் பற்றிச் சுருங்கக் கூறின் போதும். கத்தியின் உருக்கு கரி மிக்கது, எளிதில் துருப்பிடிப்பது. ஆகவே துடைத்து, உலர்த்தி, எண்ணெய் பூசி, குளியலறைக்கு வெளியே வைக்க வேண்டும். செல்லுலாயிட் கைப்பிடி மட்டும் தனிக்கவனத்துக்குரியது. முதிர்ந்து சிதையும்போது அது அமிலவாயுவை வெளியிட்டு, தன்னுள் மடங்கியிருக்கும் அலகையே அரித்துவிடும்.

அற்றேல், பிளேடு வாங்கும் செலவு மிச்சமாகுமே எனின், ஆகாது. கத்தி, தோல்வார், வெட்டுப்பட்ட தோல்வாருக்கு மாற்று, நான்கு கற்கள், அவற்றுக்குரிய கல், பிரஷ், எண்ணெய், படிகாரம், பின்னர் முதல் கத்திக்கு ஓய்வளிக்க இரண்டாம் கத்தி என்று செலவு வளரும் ஆதலின் என்க. உலகம் இக்கணக்கை முன்பே போட்டுவிட்டது. பிளேடை மாற்றிப் பொருத்தும் சவரக்கருவியைக் கொணர்ந்த கிங் கேம்ப் ஜில்லெட்டின் நிறுவனம் 1903இல் விற்றவை 51 கருவிகளும் 168 பிளேடுகளுமே. ஆயினும் முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைவீரர்க்கு அவை வழங்கப்பட்டபின் மடக்குக்கத்தி வீடுகளிலிருந்து விலகத் தொடங்கியது. தமிழ்நாட்டு முடிதிருத்துவோர் கையிலும் இன்று இருப்பது, பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் கத்தியே. முகங்களை இழந்த பிறகும் மடக்குக்கத்தி தீட்டப்பட்டும் எண்ணெய் பூசப்பட்டும் வாழ்ந்துகொண்டிருப்பதால், முகம் அதற்கு இன்றியமையாததன்று என்பது தெளிவு.

எனவே இக்கலையைப் பயில விரும்புவோர் கல்லையும் தோல்வாரையும் முதலில் வாங்கிப் பழகி, கத்தியை அடுத்து வாங்கி, முகத்தைக் கடைசியில் ஈடுபடுத்துவார்களாக. திருமணம், நேர்முகத் தேர்வு, ஒளிப்படம் எடுக்கும் நாள் ஆகியவற்றுக்கு முன் தெருமுனை முடிதிருத்தும் நிலையத்துக்குச் செல்லலாம். அங்கே புதிய பிளேடு செருகப்பட்டதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.